மெனோனைட் கல்லூரியில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில், கோஷன் என்ற சிற்றூரில், அதே பெயர் கொண்ட மெனோனைட் கல்லூரியில் நான் படித்தேன். அதைச் சொன்னதும் உறவினர்களும், நண்பர்களின் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். வேறு கல்லூரியின் பெயரைச் சொல்லாத இடங்களில் கோஷனை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மெனோனைட் என்றால் யார்? கிறிஸ்தவர்களா, இல்லை தனி மதமா?

கிறிஸ்தவர்கள்தாம். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து எழுந்த சீர்திருத்தத்தின்போது, அதன் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்ளியும் போன தொலைவு போதாது என்று கருதிப் பிரிந்த அனபாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்தவர்கள். 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் சிலர் ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டதுதான் இதன் தொடக்கம். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானாக முடிவெடுப்பதே விசுவாசம் என்பது அவர்கள் வாதம். பிறந்த குழந்தையெல்லாம் பிறந்த அன்றே அரசின் திருச்சபைக்கு உறுப்பினர் என்றிருந்த காலத்தில் அது ராஜத்துரோகத்துக்குச் சமமாக எண்ணப்பட்டது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். 1536-இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு வந்து, சிதறிக்கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவர் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்த மெனோ சைமன்ஸ். அவர் பெயரால்தான் மெனோனைட் என்று ஆயிற்று.

பிறகு இரண்டு வழிகளாகப் பிரிந்து நகர்ந்தார்கள். சுவிட்சர்லாந்து, தென்ஜெர்மனிப் பக்கத்தவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறி, அங்கிருந்து வர்ஜீனியா, ஒஹாயோ, இன்டியானா என்று பரவினார்கள். நெதர்லாந்து வழியினர் பிரஷ்யா போய், இன்றைய உக்ரைனில் நிலம் பெற்று, ரஷ்யாவின் ஜார் அரசு தங்களுக்குத் தந்திருந்த ராணுவ விலக்கைப் பறிக்கப்போகிறது என்று தெரிந்தபோது 1870-களில் கூட்டம் கூட்டமாகக் கன்சாஸ் வந்தார்கள். இந்தியாவிலும் மெனோனைட் சபைகள் உண்டு. 1899 முதல் சத்தீஸ்கரின் தம்தரிப் பகுதியில் ஒரு பிரிவும், தெலங்கானாவில் மெனோனைட் பிரதரன் என்ற மற்றொரு பிரிவும் வேரூன்றியிருக்கின்றன.

குதிரை வண்டியில் போவார்களே, மின்சாரம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்களே, அவர்களா? வைஃபை இருக்குமா?

நீங்கள் நினைப்பது ஆமிஷ் மக்களை. 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் இதே மரபிலிருந்து பிரிந்தவர்கள் அவர்கள். கோஷன் வட்டாரத்தில் அவர்களுடைய பெரிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. கடைவாசலில் குதிரை கட்டும் கம்பியும், சாலையோரத்தில் கறுப்பு வண்டியும் அன்றாடம் கண்ணில் படும். பழைமை மாறாத மெனோனைட் பிரிவுகள் சிலவற்றிலும் குதிரை வண்டி உண்டு. கல்லூரி நடத்துகிறவர்கள் அவர்கள் அல்லர்.

ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக்கொள்வார்கள். அந்த உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972-இல் உறுதிசெய்திருக்கிறது. எனவே கல்லூரி வகுப்பில் ஆமிஷ் பின்னணியிலிருந்து வெளியேறி வந்த ஒருவரைச் சந்திக்கலாமே தவிர, வேறு வகையில் அவர்களைப் பார்ப்பது அரிது. வைஃபை இருக்கிறது.

இப்படி எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன? எல்லாம் ஒன்றுதானா?

கன்சாஸ் மாநிலத்தின் நார்த் நியூட்டனில் உள்ள பெத்தேல் கல்லூரி 1887-இல் பதிவானது; வட அமெரிக்க மெனோனைட் கல்லூரிகளில் அதுவே மூத்தது. கோஷன் 1894-இல் எல்க்ஹார்ட் நகரில் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி, 1903-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஒஹாயோவில் பிளஃப்டன் (1899), கன்சாஸில் ஹெஸ்டன் (1909), வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க்கில் ஈஸ்டர்ன் மெனோனைட் பல்கலைக்கழகம் (1917) ஆகியவை மெனோனைட் சர்ச் யுஎஸ்ஏ என்ற அமைப்பின் மரபில் வருபவை. கன்சாஸின் டேபர் கல்லூரியும் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பசிபிக் பல்கலைக்கழகமும் மெனோனைட் பிரதரன் பிரிவினுடையவை. கனடாவில் வினிபெக்கில் ஒரு மெனோனைட் பல்கலைக்கழகமும், வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்குள் கான்ராட் கிரேபல் கல்லூரியும் இருக்கின்றன.

ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. மெனோனைட் பிரதரன் கல்லூரிகளில் எவாஞ்சலிக்கல் சாயல், அதாவது தனிமனித மனமாற்றத்தையும் பைபிளையும் அழுத்திச் சொல்லும் போக்கு, கூடுதலாக இருக்கும். கோஷனிலும் ஈஸ்டர்ன் மெனோனைட்டிலும் சமாதானம், சமூக நீதி என்ற பேச்சுதான் உரக்கக் கேட்கும். மாணவர் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு: கோஷனில் ஆயிரத்துக்கும் குறைவு, பெத்தேலிலும் ஹெஸ்டனிலும் அதைவிடக் குறைவு. நம் ஊர் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இதைவிட அதிகமான பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நாங்கள் இந்துக்கள். பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களா? அதைவிட முக்கியம், மதம் மாற்றிவிடுவார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். இன்று கோஷன் மாணவர்களில் மெனோனைட்டுகளே பாதிக்கும் குறைவு. கத்தோலிக்கர், வேறு சபையினர், எந்த மதமும் இல்லாதவர், முஸ்லிம், இந்து என்று எல்லோரும் இருக்கிறார்கள். சேரும்போது விசுவாச அறிக்கை எதிலும் கையெழுத்துக் கேட்பதில்லை.

மதமாற்றத்தைப் பொறுத்தவரை, முதல் பதிலை மறுபடி பாருங்கள். ஒருவர் தாமாகத் தெளிந்து எடுக்காத முடிவு விசுவாசமே அல்ல என்பதற்காக உயிர்விட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். அதனால் வற்புறுத்தல் அவர்களுக்கே கூசும். ஆனால் தாக்கமே இருக்காது என்று நான் உறுதி தரமாட்டேன். உடையில் எளிமை, சாப்பாட்டை வீணாக்காத பழக்கம், சண்டை வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் பிடிவாதம் ஆகியவை நான்கு ஆண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். கோயிலுக்குப் போவதை உங்கள் பெண் நிறுத்திவிடுவாளோ என்பதைவிட, கல்யாணத்துக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று வந்து கேட்பாளோ என்று வேண்டுமானால் கவலைப்படலாம்.

பைபிள் பாடம் கட்டாயமா? தினமும் சர்ச்சுக்குப் போகவேண்டுமா?

பட்டத்துக்கான பொதுப்பாடங்களில் பைபிள் அல்லது சமயம் சார்ந்தவை ஒன்றிரண்டு இருக்கும். அவை ஞாயிறுப் பள்ளி வகுப்புகள் போன்றவை அல்ல. ஒரு நூலை அதன் காலத்தில் வைத்து வாசிக்கும் முறையைக் கற்பிப்பவை. விசுவாசம் இல்லாதவர் முதல் மதிப்பெண் வாங்குவதும் உண்டு, சிறு வயது முதல் வசனம் மனப்பாடம் செய்தவர் திணறுவதும் உண்டு.

வாரத்தில் ஒரு பொழுதை வழிபாட்டுக்கோ பொதுக்கூட்டத்துக்கோ ஒதுக்கியிருப்பார்கள். வருகைக் கணக்கு எவ்வளவு கட்டாயம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி, சில வேளைகளில் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. சேர்க்கை அலுவலகத்தில் நேராகக் கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது.

அந்தக் கூட்டங்களுக்கு நான் விரும்பிப் போனதற்குக் காரணம் பாட்டு. ஆர்கனோ பியானோவோ இல்லாமல், ஒருவர் எழுந்து சுருதிக்குழலை ஊதி முதல் சுரத்தைக் கொடுப்பார். அடுத்த நொடியே கூடம் முழுவதும் நான்கு குரல்களாகப் பிரிந்துகொள்ளும். அங்கே பாடுகிறவர்கள் பயிற்சி பெற்ற பாடகர் குழு அல்லர். கணக்கு வாத்தியாரும் கூடைப்பந்து ஆடுகிறவனும் பக்கத்து இருக்கையில் தத்தம் குரலைத் தாமே பிடித்துக்கொள்வார்கள். 1969-இல் வந்த பாட்டுப்புத்தகத்தில் 606-ஆம் எண்ணாக இருந்த ஒரு துதிப்பாட்டு அவர்களுக்கு அத்தனை உயிர். 1992-இல் வந்த புத்தகத்தில் அதன் எண் 118 ஆகிவிட்ட பிறகும் பெரியவர்கள் அதை 606 என்றே சொல்வார்கள். பாடத் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்தால் போதும், எந்தப் பக்கக் குரலாவது இழுத்துக்கொண்டு போகும்.

என்ன படிப்புகள் இருக்கின்றன? பொறியியல் படிக்கலாமா?

இவை பல துறைகளைத் தொட்டுப் படிக்கும் கலை அறிவியல் கல்லூரிகள். இரண்டாம் ஆண்டுவரை முதன்மைப் பாடத்தை முடிவுசெய்யாமல் இருக்கலாம். உயிரியலோடு இசை, கணக்கியலோடு ஸ்பானிஷ் என்று இணைத்தும் படிக்கலாம். செவிலியர் படிப்பு, ஆசிரியர் பயிற்சி, சமூகப்பணி, உயிரியல், இசை ஆகியவற்றில் இக்கல்லூரிகள் பெயரெடுத்தவை. ஹெஸ்டனில் விமானம் ஓட்டுவதற்கே படிப்பு உண்டு. கோஷனுக்குச் சொந்தமாக, மெர்ரி லீ என்ற இடத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சதுப்பும் காடும் புல்வெளியும் இருக்கின்றன. சுற்றுச்சூழல் படிக்கிறவர்களுக்கு அதுவே ஆய்வகம்.

ஆராய்ச்சிக் கூடங்கள் அடுக்கடுக்காக உள்ள பெரிய பொறியியல் கல்லூரி வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள். கணினிப் படிப்பு இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து வரிசையாக ஆளெடுக்கும் காட்சியை இவ்வளவு சிறிய கல்லூரியில் எதிர்பார்க்கக் கூடாது.

சமாதானமும் மோதல் தீர்வும் இவர்களுக்கே உரிய துறை. ஈஸ்டர்ன் மெனோனைட் பல்கலைக்கழகத்தில் அத்துறையில் முதுகலை படித்த லைபீரியாவின் லேமா போவி 2011-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். மோதல் தீர்வு என்றால் மேடைப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்ப் பங்கீடு, பள்ளிக்கூட அடிதடி, சிறையிலிருந்து திரும்புகிறவரை ஊர் ஏற்றுக்கொள்வது என்று நுணுக்கமான நடைமுறைகளைத்தான் பழக்குகிறார்கள்.

எஸ்எஸ்டி என்று ஏதோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாமே? சுற்றுலாவா?

சுற்றுலாவுக்கு நேர் எதிரானது. கோஷன் 1968-இல் தொடங்கிய படிப்பு-சேவைப் பருவம் அது. ஆசிரியர் ஒருவரின் தலைமையில் ஏறக்குறைய இருபது பேர் கொண்ட குழு வேறொரு நாட்டுக்குப் போகும். பழைய வடிவத்தில் பருவத்தின் முதல் பாதி தலைநகரிலோ பெரிய ஊரிலோ மொழியும் வரலாறும் படிப்பது. மறுபாதி கிராமப்புறத்தில், பள்ளியிலோ மருத்துவமனையிலோ பண்ணையிலோ வேலை செய்வது. பருவம் முழுவதும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில்தான் தங்கவேண்டும். கோஸ்டா ரிக்கா, குவாதலூப், ஜமைக்கா என்று தொடங்கி, அமெரிக்கர்கள் சீனாவுக்குள் போவதே அரிதாக இருந்த 1980-இல் சிச்சுவான் மாகாணத்துக்கும் மாணவர்களை அனுப்பினார்கள். இப்போது குறுகிய கால வடிவங்களும் வந்துவிட்டன. ஈஸ்டர்ன் மெனோனைட்டிலும் இதை ஒத்த ஏற்பாடு உண்டு.

கல்லூரியின் கொள்கையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன். 'சேவைக்காகப் பண்பாடு' என்பது கோஷனின் குறிக்கோள் வாசகம். வசதியான அமெரிக்க வீட்டுப் பிள்ளை, மொழி தெரியாத வீட்டில் ஒரு குழந்தையைப்போல் மூன்று வேளையும் பிறர் தயவில் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு, ஏழைகளுக்கு உதவப்போகிறேன் என்ற பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். இந்திய மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டுக்குத் தனி விசா தேவைப்படலாம். அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைய, கல்லூரி தரும் ஐ-20 என்ற படிவத்தில் பயணக் கையொப்பமும், காலாவதியாகாத எஃப்-1 என்ற மாணவர் விசாவும் வேண்டும்.

கட்டணம் பார்த்துத் தலை சுற்றுகிறது. சர்ச் நடத்தும் கல்லூரி என்றால் மலிவாக இருக்காதா?

இருக்காது. அரசு மானியம் இல்லாத தனியார் கல்லூரி அது. ஆண்டுக் கல்விக் கட்டணம் பெரும்பாலும் 30,000 டாலருக்கு மேல், தங்குமிடமும் உணவும் தனி. ஆனால் அந்தப் பட்டியல் விலையை முழுதாகக் கட்டுகிறவர்கள் மிகக் குறைவு. மதிப்பெண், இசை, விளையாட்டு என்று ஏதாவது ஒரு கணக்கில் கல்லூரியே ஒரு பெரும்பகுதியைக் கழித்துவிடும். அதனால் இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது பட்டியல் விலையை ஒதுக்கிவிட்டு, உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்த பிறகு மிஞ்சும் தொகையை மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவியும் கடனும் கிடையா. மெனோனைட் பிள்ளைகளுக்குத் தங்கள் சபை ஒரு தொகை தர, கல்லூரியும் அதற்கு ஈடு சேர்க்கும் வழக்கம் உண்டு. அதுவும் நமக்குப் பொருந்தாது. விசாவுக்கான ஐ-20 படிவத்தைத் தருமுன், முதலாண்டுச் செலவுக்கு உங்களிடம் பணம் இருப்பதைக் கல்லூரி வங்கிச் சான்றோடு கேட்கும். சேர்ந்த பிறகு வேலை செய்து கட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு கிளம்பாதீர்கள்.

வேலை செய்யலாமா? படிப்பு முடிந்து அங்கேயே இருக்கலாமா?

எஃப்-1 விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம்: நூலகம், சாப்பாட்டுக் கூடம், துப்புரவு போன்றவை. கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. பட்டம் பெற்றபின் ஓபிடி என்ற அனுமதியின் பேரில் 12 மாதம் துறை சார்ந்த வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் சார்ந்த பட்டமானால் கூடுதலாக 24 மாதம் விண்ணப்பிக்கலாம். இதில் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் சிறிய கல்லூரிக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் ஆண்டில் அமெரிக்கத் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தேசிய கீதமே பாடமாட்டார்களாமே? அமெரிக்காவுக்கு எதிரானவர்களா?

இக்கேள்வி அமெரிக்கர்களே கோஷனைக் கேட்டதுதான். பல பத்தாண்டுகளாக அங்கே விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் தேசிய கீதம் ஒலித்ததில்லை. 2010-இல் சொற்கள் இல்லாமல் இசை மட்டும் வாசிக்க முடிவுசெய்தார்கள். உள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்ப, 2011-இல் அதை நிறுத்திவிட்டு வேறொரு நாட்டுப்பற்றுப் பாடலை வைத்தார்கள். வானொலி, தொலைக்காட்சி என்று நாடெங்கும் வசை வந்தது.

அமெரிக்கக் கீதம் குண்டுவீச்சுக்கு நடுவே பறக்கும் கொடியைப் பாடுவது. போரையே பாவமாகக் கருதும் மரபுக்கு அது தொண்டையில் சிக்குகிறது. அரசைவிடக் கடவுளுக்கே முதல் விசுவாசம் என்ற பழைய நிலைப்பாடும் சேர்ந்துகொள்கிறது. கேரளத்தில் பள்ளியில் எழுந்து நின்றும் தேசிய கீதம் பாட மறுத்த மூன்று பிள்ளைகளை வெளியேற்றியது தவறு என்று நம் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்ததே, அந்தப் பிள்ளைகளின் மனநிலைக்கு இது பக்கத்தில் வரும். அப்பிள்ளைகள் யெகோவாவின் சாட்சிகள் என்ற வேறு பிரிவினர்.

என் மகன் என்சிசியில் இருந்தவன், ராணுவத்தின் மேல் ஆசை உள்ளவன். அவனை அங்கே கேவலமாகப் பார்ப்பார்களா?

கேவலமாகப் பார்க்கமாட்டார்கள், ஆனால் கேள்வி கேட்பார்கள், வகுப்பிலும் சாப்பாட்டு மேசையிலும். வளாகத்தில் படைப்பயிற்சிப் பிரிவு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 1569-இல் டச்சு ஊரொன்றில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரின்மேல் ஓடினார்; துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து விழுந்தபோது திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார்; அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். அந்தக் காட்சியின் செதுக்கோவியத்தை மெனோனைட் வீடுகளில் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளோடு உங்கள் மகன் வாதாட வேண்டியிருக்கும்.

வாதம் ஒருதரப்பாகவும் இருக்காது. இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் 1941 முதல் 1947 வரை மாற்றுச்சேவை முகாம்களில் காடு வளர்த்தார்கள், மனநோய் விடுதிகளில் வேலை பார்த்தார்கள். அதே காலத்தில் அதே சபைகளிலிருந்து படைக்குப் போனவர்களும் கணிசமாக இருந்தார்கள். இரண்டு கிளைகளும் உள்ள குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். எஃப்-1 விசாவில் முறையாக இருக்கும் மாணவர் அமெரிக்க ராணுவப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டியதில்லை.

குடி, நடனம், ஆண்-பெண் நட்பு? விதிகள் கடுமையா?

வளாகத்தில் மது கூடாது. 21 வயதுக்குக் கீழ் எங்கே குடித்தாலும் சட்டப்படிக் குற்றம். நடனத்துக்கு ஒரு காலத்தில் தடை இருந்தது, இப்போது ஆடுகிறார்கள். விடுதி அறைகளுக்கு எதிர்பாலினத்தவர் வந்துபோக நேர வரம்பு இருக்கும். அண்ணா பல்கலைக்கழக விடுதியை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் கடுமையாகத் தோன்றாது.

தன்பாலீர்ப்புள்ளவர்களை எப்படி நடத்துகிறார்கள்?

கல்லூரியைப் பொறுத்தது. 2015-இல் கோஷனும் ஈஸ்டர்ன் மெனோனைட்டும் ஒரே பாலினத்தவரை மணந்தவர்களையும் ஆசிரியராக நியமிக்கலாம் என்று விதியை மாற்றின. கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் அது பெரும் பிளவாக வெடிக்க, இரண்டும் அக்கூட்டமைப்பிலிருந்து விலகிக்கொண்டன. மெனோனைட் பிரதரன் கல்லூரிகளின் நிலைப்பாடு வேறு. இது உங்களுக்கு முக்கியமானால், கல்லூரிக் கையேட்டில் பாகுபாடின்மை பற்றிய பகுதியை விண்ணப்பிக்குமுன் வாசித்துவிடுங்கள்.

சின்ன ஊரில் சாப்பாட்டுக்கும் குளிருக்கும் என்ன செய்வது?

விடுதியில் இருப்பவர்களுக்குக் கல்லூரிச் சாப்பாட்டுத் திட்டம் பெரும்பாலும் கட்டாயம். சைவம் எல்லா வேளையும் கிடைக்கும், காரம் கிடைக்காது. கோஷனில் மெக்சிகோ வழிவந்த மக்கள் நிறையப் பேர் இருப்பதால் பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை ஆகியவற்றுக்குப் பஞ்சமில்லை. இந்திய மளிகைக்குப் பக்கத்து நகரமான சௌத் பெண்ட் பக்கம் போகவேண்டும், அதற்குக் கார் உள்ள நண்பர் வேண்டும். மிச்சிகன் ஏரிக்காற்றால் நவம்பர் முதல் மார்ச் வரை பனி கொட்டும். குளிருக்கான கோட்டு இங்கே வாங்காதீர்கள். சென்னைக் கடையில் வாங்கியது அங்கே சட்டைக்குச் சமம். போய் இறங்கியபின் பழைய துணிக்கடையில் வாங்குவதே மேல். வளாகத்தின் நடுவே சரக்கு ரயில் போகும். முதல் வாரம் தூக்கம் கெடும், பிறகு காதில் விழாது.

எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் என்கிறார்கள். நாம் அந்நியமாகிவிட மாட்டோமா?

பெரிய அளவில் உண்மை. யோடர், மில்லர், ஹோஸ்டெட்லர் என்று பெயரைச் சொன்னவுடன் எந்த ஊர், எந்தச் சபை, உன் பாட்டி யார் என்று தொடங்கி, ஐந்து நிமிடத்தில் பொதுவான ஒரு சித்தப்பாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 'மெனோனைட் விளையாட்டு' என்று அவர்களே அதைக் கேலி செய்வார்கள். நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் 'நீங்க யார் வீட்டுப் பிள்ளை' என்று விசாரிப்பதேதான். நமக்கு இந்த விளையாட்டு புரியும் என்பதுதான் சங்கடம். புரிந்தும் அதில் சேர முடியாது.

முதல் பருவத்தில் இது உறைக்கவே செய்யும். அன்பாகப் பேசுவார்கள், ஆனால் விடுமுறைக்கு யாராவது வீட்டுக்கு அழைக்கும்வரை வெளியில் நிற்பதுபோலவே இருக்கும். குடும்பங்களோடு வெளிநாட்டு மாணவரை இணைத்துவிடும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வெட்கப்படாமல் பெயர் கொடுங்கள். இன்னொன்று, அவர்கள் எதிர்ப்பைக்கூட மென்மையாகத்தான் சொல்வார்கள். உங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு 'யோசிக்க வேண்டிய விஷயம்' என்று ஒருவர் புன்னகைத்தால், வேண்டாம் என்று சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சின்னக் கல்லூரி, நடுவில் மூடிவிட்டால்? பட்டத்துக்கு இந்தியாவில் மதிப்பு உண்டா?

நியாயமான பயம். அமெரிக்காவில் சிறு தனியார் கல்லூரிகள் ஆண்டுதோறும் சில மூடப்படுகின்றன. கோஷனே 1923-இல் மூடப்பட்டது. பணமும் ஒரு காரணம், பழைமைவாதிகளுக்கும் புதுமை நாடியவர்களுக்கும் நடந்த சபைச் சண்டை மற்றொரு காரணம். மறு ஆண்டே திறந்தார்கள். விண்ணப்பிக்குமுன் மூன்றைப் பாருங்கள்: ஒன்று, வட்டார அங்கீகாரம் முழுமையாக இருக்கிறதா, இல்லை நிபந்தனையின் பேரிலா; இரண்டு, மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளாக எந்தப் பக்கம் நகர்கிறது; மூன்று, நீங்கள் சேரும் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். கல்லூரி நிலைத்திருந்தும், இரண்டே ஆசிரியர்கள் உள்ள துறையில் ஒருவர் ஓய்வுபெற்றதும் அந்தப் படிப்பையே நிறுத்திவிடுவது நடக்கக்கூடியது.

மத்திய மேற்கு மாநிலங்களில் உள்ளவற்றுக்கு ஹையர் லேர்னிங் கமிஷன் அங்கீகாரம் தருகிறது. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் அதே அமைப்புத்தான். எனவே அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இந்தப் பட்டம் தடையாகாது. இந்தியாவில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். பாடத்திட்ட விவரங்களை ஒவ்வொரு பருவமும் பத்திரப்படுத்திக்கொண்டால், பிறகு கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்க வேண்டியிராது. நம் ஊர் அலுவலகத்தில் கல்லூரியின் பெயரைச் சொன்னால், ஒன்றுக்கு இருமுறை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்.